நிகழ்ச்சி முடிந்ததும் வரும் அந்த நான்கு விநாடிகள்: பழைய தொலைக்காட்சி நிறுவன முத்திரைகள் பற்றிய விவாத இழை

பதிவு 1 | செல்லூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா 1980களில் துபாயில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தார். விடுப்பில் வரும்போதெல்லாம் அங்குள்ள தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த வீடியோ கேசட்டுகளைக் கொண்டுவருவார். எங்கள் தெருவில் டெக் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) இருந்த ஒரே வீடு அவருடையது என்பதால், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அந்தக் கூடம் பிள்ளைகளால் நிறைந்துவிடும். மூக்கை அசைத்து மாயம் செய்யும் இல்லத்தரசியின் கதையான 'பிவிட்ச்டு' என்ற அமெரிக்கத் தொடரை, ஒரு வார்த்தை கூடப் புரியாமல், வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு பார்த்தோம்.

ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்து எழுத்துகள் ஓடிய பின், மஞ்சள் திரையில் சிவப்புப் பட்டைகள் இரண்டு வந்து ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்துகொள்ளும். அதனுடன் எந்த வாத்தியம் என்று சொல்ல முடியாத ஓர் ஒலி எழும். அது வரும் முன்பே என் தங்கை எழுந்து அடுப்படிக்கு ஓடிவிடுவாள். எனக்கும் அச்சம்தான், அண்ணன் என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பா காலமான பிறகு பரணிலிருந்து மூன்று கேசட்டுகள் கிடைத்தன. அவற்றை டிஜிட்டலாக மாற்றித் தருமாறு ஒரு கடையில் கொடுத்தேன். வாங்கி வந்து பார்த்தால் ஒவ்வொரு அத்தியாயமும் கதை முடிந்த இடத்திலேயே அறுபட்டிருந்தது. கேட்டபோது, "அதற்கு மேல் வெறும் கம்பெனி எம்பளம்தானே ஐயா, வெட்டிவிட்டோம்" என்றார்கள். நான் தேடியதே அதைத்தான் என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக மூலக் கேசட்டுகள் என்னிடம் உள்ளன.

அந்த முத்திரை எந்த நிறுவனத்தினுடையது? நான்கு விநாடிப் படம் ஏன் குழந்தைகளை அவ்வளவு கலங்கச் செய்தது? கேசட்டில் வெண்பூஞ்சை படிந்திருக்கும் நிலையில் அதை எப்படிக் காப்பாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதிவு 2 | கோடுகளும் வண்ணமும்

வணக்கம் அண்ணா. திருநகரில் இருக்கிறேன், வரைகலை படிக்கிறேன். நீங்கள் வருணிப்பது ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனத்தின் முத்திரை. கொலம்பியா பிக்சர்ஸ் திரைப்பட நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவாக அது இயங்கியது. பட்டைகள் புள்ளியைச் சுற்றி வளைந்து 'எஸ்' என்ற ஆங்கில எழுத்தாக மாறும் அந்த வடிவம் 1965-இல் வந்தது. 1974-இல் அந்தப் பிரிவின் பெயர் கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷன் என மாறியதும் வழக்கொழிந்தது. முத்திரைகளைச் சேகரிப்பவர்கள் இதற்கு 'நரகத்து எஸ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதைக் கண்டு பயந்த குழந்தைகளைப் பற்றி ராட்னி ஆஷர் என்பவர் 2010-இல் ஒரு குறும் ஆவணப்படமே எடுத்திருக்கிறார். ஆகவே உங்கள் தங்கை தனியாள் அல்லர்.

ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அமைத்தவர் எரிக் சைடே. மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியைத் தொடக்கக் காலத்திலேயே வாங்கிப் பயன்படுத்திய இசைஞர்களில் ஒருவர். 1965-இல் சாதாரண வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இத்தகைய கருவி எழுப்பும் ஒலியை அதிகம் கேட்டுப் பழகியிருக்கவில்லை. குழலோ வயலினோ மணியோ ஒலித்தால், ஊதுகிற வாயையும் இழுக்கிற கையையும் நம் மனம் தானாகவே கற்பனை செய்துகொள்கிறது. இந்த ஒலிக்குப் பின்னால் அப்படி எந்த உடலும் இல்லை. அதிலும் அது, சிரிப்பும் பாட்டும் அடங்கிய கணத்தில், மனித முகமே இல்லாத திரையிலிருந்து வருகிறது. குழந்தையின் அச்சத்துக்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இதே வகையில் வயாகாம் நிறுவனத்தின் 1976 முத்திரையும் பேர்போனது. மிகத் தொலைவிலிருந்து 'வி' என்ற எழுத்து திரையை நோக்கிப் பாய்ந்து வந்து நிற்கும். அதை 'அழிவின் வி' என்பார்கள்.

பதிவு 3 | உசிலை மெக்கானிக்

தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன், மற்றதெல்லாம் பிறகு. பூஞ்சை படிந்த கேசட்டை நல்ல டெக்கில் போடாதீர்கள். நாடாவின் மேலுள்ள வெண்தூள், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து அந்த டெக்கில் ஓடும் கேசட்டுக்கும் பரவும். இறுகிப்போன இடத்தில் நாடா அறுந்தும் போகும். முப்பத்தைந்து ஆண்டுகள் உசிலம்பட்டியில் டிவி, டெக் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எண்ணிப் பார்க்க முடியாத அளவு கேசட்டுகள் இப்படித்தான் போயின.

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து வேலை பாருங்கள். கேசட்டை நேர் வெயிலில் வைக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் சில நாள் வைத்து நன்றாக உலர விடுங்கள். பிறகு கேசட்டின் மேலோட்டைத் திருகு கழற்றித் திறந்து, பஞ்சு உதிராத மென்துணியால் நாடாவை மெல்லச் சுற்றிக்கொண்டே துடையுங்கள். சுருளின் பக்கவாட்டுப் பூஞ்சைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் மிகச் சிறிதளவு தொட்டுக்கொள்ளலாம். கேசட்டின் முதுகில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். அது இருக்கும் வரை, கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் எல்லாம் போய்விடும். சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு பழைய டெக்கைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. மதுரை சிம்மக்கல் பக்கம் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் டெக்குகள் கண்ணில் பட்டதுண்டு.

பதிவு 4 | தல்லாகுளம் வகுப்பறை

இழையைத் தொடங்கியவருக்கு நன்றி. வணிகச் சட்டம் கற்பிப்பவன் என்ற முறையில், அந்த அட்டைகள் ஏன் தோன்றின என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அவை வெறும் விளம்பரமாகத் தோன்றியவை அல்ல.

அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிடப்பட்ட படைப்பில் உரிமையாளரின் பெயர் கொண்ட அறிவிப்பு இருந்தாக வேண்டும். அறிவிப்பு இல்லாவிட்டால் படைப்பு பொதுவுடைமையாகிவிடும் ஆபத்து இருந்தது. ஆகவே நிகழ்ச்சியின் கடைசி அட்டை என்பது ஒரு சொத்துப் பத்திரத்தின் கையெழுத்துப் பகுதியைப் போன்றது. ஆண்டை ரோமன் எண்களில் எழுதும் வழக்கத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மறு ஒளிபரப்பில் நிகழ்ச்சியின் வயது சட்டென்று கண்ணில் படாமல் இருக்க அது உதவியது.

அடுத்த காரணம் 1970-இல் வந்தது. நிகழ்ச்சிகளைப் பிற நிலையங்களுக்கு மறுவிற்பனை செய்யும் தொழிலில் பெரிய ஒளிபரப்பு வலையமைப்புகள் ஈடுபடக் கூடாது என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விதி வகுத்தது. அதனால் அத்தகைய வலையமைப்பான சிபிஎஸ் நிறுவனம் தன் விற்பனைப் பிரிவை 1971-இல் தனியாகப் பிரித்துவிட நேர்ந்தது. 'கோடுகளும் வண்ணமும்' தங்கை மேலே குறிப்பிட்ட வயாகாம் பிறந்தது அப்படித்தான். குழந்தைகளை நடுங்க வைத்த அந்த 'வி' ஓர் அரசாணையின் விளைவு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்த விதி 1993-இல் நீக்கப்படும் வரை சுதந்திரத் தயாரிப்பு நிறுவனங்கள் பெருகின. அவற்றோடு முத்திரைகளும் பெருகின.

சிறு நிறுவனங்களின் முத்திரைகளில் தயாரிப்பாளரின் குணமே தெரியும். நடிகை மேரி டைலர் மூரும் அவர் கணவர் கிராண்ட் டிங்கரும் 1969-இல் தொடங்கிய எம்டிஎம் நிறுவனம், எம்ஜிஎம் படங்களின் கர்ஜிக்கும் சிங்கம் இருந்த இடத்தில் 'மியாவ்' என்று கத்தும் பூனைக்குட்டியை வைத்தது. காவல் நிலையத் தொடரின் முடிவில் அந்தப் பூனை காவலர் தொப்பி அணிந்திருக்கும். 'செயின்ட் எல்ஸ்வேர்' என்ற மருத்துவமனைத் தொடரில் அறுவைச் சிகிச்சை உடை அணிந்திருக்கும். 1988-இல் அத்தொடரின் கடைசி அத்தியாயத்தில் உயிர்காக்கும் கருவிகளுக்கு இடையே படுத்திருக்கும், இதயத் துடிப்புக் கோடு நேர்கோடாகிவிடும். தயாரிப்பாளர் ஜாக் வெப்பின் மார்க் செவன் நிறுவன முத்திரையிலோ, ஓர் ஆளின் கைகள் சம்மட்டியால் ஓங்கி அடித்து உலோகத்தில் ரோமன் ஏழைப் பதிக்கும்; பட்டறைச் சத்தம் கேட்கும். என் கண்ணுக்கு இதைவிட நேர்மையான முத்திரை இல்லை.

பதிவு 5 | மேலூர் வாசகர்

எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்கப் பூனைக்கும் சம்மட்டிக்கும் நாம் ஏன் இவ்வளவு நேரம் செலவிட வேண்டும்? எங்கள் வீட்டுச் சாலிடேர் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் நாங்கள் கண்டது தூர்தர்ஷன் கண் ஒன்றைத்தான். மொட்டை மாடியில் ஆன்டெனாவை அப்பா திருப்ப, வாசலில் நான் நின்று "தெரியுது, தெரியுது" என்று கத்த, கோடுகளுக்கு நடுவே அந்தக் கண் சுழன்று வந்து நிற்கும். அதைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

பதிவு 6 | கோடுகளும் வண்ணமும்

ஐயா, உங்கள் குறை நியாயமானது. அதை எழுதாதது என் பிழை.

தூர்தர்ஷனின் கண்ணை வரைந்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அப்போது மாணவராக இருந்த தேபாஷிஷ் பட்டாச்சார்யா. அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாக இருந்த தொலைக்காட்சி 1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பானபோது அந்த முத்திரை மக்கள் முன் வந்தது. ஷெனாய்க் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கான், பண்டிட் ரவிசங்கருடன் சேர்ந்து அதற்கான இசையை அமைத்தார். இரண்டு வளைவுகள் ஒன்றையொன்று சுற்றிச் சுழன்று, நடுவில் வட்டம் திரண்டு, கண்ணாக நிலைபெற்று, 'சத்யம் சிவம் சுந்தரம்' என்ற எழுத்துகள் வரும் வரை அவ்விசை நீண்டுகொண்டே இருக்கும். கணினி இல்லாத காலத்தில் கேமராவின் கீழே வைத்து எடுத்த அசைவு அது. ஸ்கிரீன் ஜெம்ஸ் முத்திரையைப் போலவே இதுவும் முகமில்லாத, வெறும் வடிவத்தின் அசைவுதான். ஆனால் எவரும் இதைக் கண்டு ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. காரணம் ஷெனாய் என்று நினைக்கிறேன். அது கல்யாண வீட்டின் ஒலியோடு உறவுடையது.

பதிவு 7 | தல்லாகுளம் வகுப்பறை

மேலூர் நண்பருக்கு ஒரு சேர்க்கை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது என்றாலும், தென்மாவட்டங்கள் அதை உடனே காணவில்லை. 1984-ஐ ஒட்டி நாடெங்கும் குறைந்த சக்தி ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டபோது, அவை செயற்கைக்கோள் வழியே டெல்லி நிகழ்ச்சிகளைத்தான் பெரும்பாலும் அஞ்சல் செய்தன. கொடைக்கானல் மலையில் உயர்சக்திக் கோபுரம் வந்த பிறகே சென்னை நிகழ்ச்சிகள் நம் ஊர்களுக்கு ஒழுங்காகக் கிடைத்தன.

நம் நாட்டில் தயாரிப்பு நிறுவன முத்திரைகள் மனத்தில் தங்காமல் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. 1984-இல் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் தொடங்கிய காலத்திலிருந்து தொடர்கள் விளம்பரதாரர் பணத்தில் ஓடின. ஆகவே நிகழ்ச்சியின் முன்னும் பின்னும் இருந்த முக்கியமான இடத்தைப் பற்பசையும் சோப்பும் எடுத்துக்கொண்டன. "வழங்குவோர்" என்று சொன்னால் நம் நினைவுக்கு வருவது விளம்பரதாரரின் பெயர்தான். எடுத்தவரின் பெயர் அன்று. பிரிட்டனின் ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சி அமைப்பில் இதற்கு நேர்மாறான நிலை இருந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிறுவனம் உரிமம் பெற்றிருந்ததால், நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியின் தலைப்பிலேயே அதை எடுத்த வட்டாரத்தின் முத்திரை வரும். லண்டனின் தேம்ஸ் நிறுவனம் ஆற்றில் நிழலாடும் நகரக் கட்டடங்களைக் காட்டியது. ஆங்கிலியா நிறுவனம் 1959 முதல் 1988 வரை ஒரு வெள்ளிக் குதிரைவீரன் சிலையைச் சுழல்மேடையில் வைத்துச் சுற்றிக் காட்டியது. தன் ஊர் முத்திரையை நாடே காண்கிறது என்ற பெருமை அங்கே ஒரு சிறு நகரத்துக்காரருக்கும் இருந்திருக்கும்.

பதிவு 8 | படத்தொகுப்பு அறை

திருமங்கலத்தில் பிறந்து, 1990களில் சென்னையில் தொடர்களுக்குப் படத்தொகுப்பு செய்தவள் நான். செல்லூர்த் தம்பியின் கேசட்டை வெட்டிய கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. துயரம்தான் வருகிறது, ஏனென்றால் நானே அப்படி வெட்டியிருக்கிறேன்.

ஒளிபரப்புக்குக் கொடுக்கும் பீட்டாகேம் என்ற தொழில்முறை வீடியோ நாடாவில் கதை உடனே தொடங்காது. முதலில் கலர் பார் என்ற வண்ணப் பட்டைகள். அதனுடன் ஒரு கிலோஹெர்ட்ஸ் ஒலி. பிறகு தொடரின் பெயர், அத்தியாய எண், நீளம், தேதி எழுதிய ஸ்லேட். பிறகு எண்கள் இறங்கி வரும். அதன் பின்னரே நிறுவனத்தின் எம்பளம். பிற்காலத்தில் இந்த நாடாக்களைக் கோப்புகளாக மாற்றியபோது, பார்வையாளருக்குத் தேவையில்லை என்று கலர் பாரிலிருந்து எம்பளம் வரை ஒரே வெட்டாக வெட்டினோம். வால் பகுதியிலும் அப்படியே. கேமரா உதவியாளர், ஒப்பனை, லைட்மேன், டப்பிங் பேசியவர் ஆகியோரின் பெயர்களெல்லாம் அந்த வாலில்தான் இருந்தன. பெரிய நடிகர்களின் பெயர் எங்கே போனாலும் கிடைக்கும். லைட்மேனின் பெயர் அந்த நாடாவைத் தவிர வேறு எங்கும் கிடையாது.

அந்தக் காலத்தில் நாங்கள் எவ்வளவு அக்கறையோடு அவற்றைச் செய்தோம் என்பதை இங்கே பதிந்துவைக்க விரும்புகிறேன். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள், ராதிகாவின் ராடான் முதலிய நிறுவனங்களின் பெயர் திரையில் தோன்றும்போதே பார்ப்பவர்களுக்கு ஓர் எதிர்பார்ப்பு பிறக்கும். இரவில் 'மர்மதேசம்' தொடங்குகிறது என்றால் எங்கள் ஊரில் தெருவே அடங்கிப்போகும். 1999-இல் 'சித்தி' வந்தபோது, சமையலறையில் இருக்கும் பெண்கள் தலைப்பு இசையைக் கேட்டுத்தான் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வருவார்கள். படத்தைப் பார்க்கும் முன் காதுக்குச் செய்தி போய்விடும்; அதுதான் இந்த முத்திரைகளின் வேலை.

ஆகவே பழைய தமிழ்த் தொடர் நாடாக்கள் வைத்திருப்பவர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்: தலையையும் வாலையும் வெட்டாதீர்கள். நடுவே "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை வந்தால் அதையும் விட்டுவையுங்கள்.

பதிவு 9 | செல்லூர்க்காரன்

மெக்கானிக் ஐயா சொன்னபடியே செய்து, முதல் கேசட்டின் கடைசிப் பகுதியை நேற்று எடுத்துவிட்டேன். மேலே இணைத்திருக்கிறேன். ஒரு புதிய ஐயம் எழுந்துள்ளது. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பிரதியோடு ஒப்பிட்டால், என் நாடாவில் அந்த ஒலி சற்று உயர்ந்தும் விரைந்தும் கேட்கிறது. வெளிநாட்டுக்கென்று தனியாக அமைத்த, அரிதான ஒரு வடிவமாக இது இருக்கக்கூடுமா?

பதிவு 10 | அவனியாபுரம் நாகசுரம்

மூன்று தலைமுறையாக நாகசுரம் வாசிக்கும் குடும்பம் எங்களுடையது. முத்திரைகளைப் பற்றி நான் அறியேன். சுருதியைப் பற்றிச் சொல்லலாம். இரண்டு பிரதிகளையும் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு பலமுறை கேட்டேன். தம்பியின் நாடாவில் ஒலி உயர்ந்திருப்பது உண்மை. ஆனால் முழு அரைக்கட்டை (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையேயான தூரம்) உயரவில்லை. அதற்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. வேண்டுமென்றே சுருதி மாற்றி வாசித்திருந்தால் அரைக்கட்டை, ஒரு கட்டை என்று முழுதாக மாற்றியிருப்பார்களே தவிர, இப்படி இடைவெளியில் நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஸ்வரங்களுக்கு இடையேயான தூரமும் துளி மாறவில்லை. ஆகவே இது வேறு வாசிப்பு அன்று. அதே வாசிப்பு, விரைவாக ஓடுகிறது.

பதிவு 11 | உசிலை மெக்கானிக்

நாகசுர வித்துவானின் காதுக்கு வணக்கம். அவர் சொன்னது அப்படியே சரி. காரணத்தை நான் சொல்கிறேன்.

அந்தத் தொடர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும். அமெரிக்காவின் என்டிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள் என்பதால், சில பாதிச் சட்டங்களைத் திரும்பக் காட்டி வேகத்தைச் சமன் செய்துகொள்வார்கள். துபாயிலும் நம் நாட்டிலும் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் விநாடிக்கு 25 சட்டங்கள். 24-க்கும் 25-க்கும் வேறுபாடு சிறிது என்பதால், படத்தை அப்படியே 25-இல் ஓட்டிவிடுவார்கள். வேகம் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று மேலே கூடும். ஒலியும் அதே அளவு உயரும். கணக்குப் போட்டால் அது அரைக்கட்டையில் பத்துக்கு ஏழு பங்கு வருகிறது. சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 25 நிமிடம் ஓடும் அத்தியாயம் உங்கள் நாடாவில் 24 நிமிடத்தில் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஐயமே வேண்டாம்.

பதிவு 12 | செல்லூர்க்காரன்

பார்த்துவிட்டேன் ஐயா. சொன்னபடியே ஒரு நிமிடம் குறைகிறது. அரிய வடிவம் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு ஏமாற்றம் இல்லை. என் தங்கை பயந்தது இந்த உயர்ந்த சுருதியைக் கேட்டுத்தான். ஆகவே இதை 'சரிசெய்யாமல்' இப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

பதிவு 13 | தல்லாகுளம் வகுப்பறை

வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு நிறுவனம் கைமாறினால், புதிய உரிமையாளர் பழைய நிகழ்ச்சிகளின் வாலில் தன் முத்திரையை ஒட்டிவிடுவது வழக்கம். சுவரொட்டியின் மேல் சுவரொட்டி ஒட்டுவது போன்றது இது. நடிகை லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் 1950-இல் நிறுவிய டெசிலு நிறுவனம் 1967-இல் விற்கப்பட்டு பாரமவுண்ட் தொலைக்காட்சிப் பிரிவானது. அங்கே உருவான 'ஸ்டார் டிரெக்' தொடரின் முற்பகுதி டெசிலு முத்திரையோடும் பிற்பகுதி பாரமவுண்ட் முத்திரையோடும் முடிவதால், வாலை மட்டும் பார்த்தே விற்பனையின் காலத்தை அறியலாம். ஸ்கிரீன் ஜெம்ஸ் தொடர்களுக்கும் பின்னாளில் கொலம்பியாவின் முத்திரைகள் ஒட்டப்பட்டன. உங்கள் சித்தப்பா 1980களில் பதிவு செய்த நாடாவில் 'எஸ்' இன்னும் இருக்கிறது என்றால், அந்த நிலையத்தின் கையில் இருந்தது பழைய பிரதி என்று பொருள்.

பதிவு 14 | கோடுகளும் வண்ணமும்

இவற்றை எந்தக் கருவியால் செய்தார்கள் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான்.

1953-இல் பிபிசி தொலைக்காட்சிக்கு ஏப்ராம் கேம்ஸ் அமைத்த முதல் அசையும் முத்திரை, வரைந்த படம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பித்தளையும் கம்பியும் கொண்டு செய்து, சுழல வைத்துக் கேமராவால் எடுத்த பொறி; வௌவால் சிறகு என்று அதற்குப் பெயர் வந்தது. 1970களில் பளபளவென்று நீண்டு வளைந்து பறந்த அமெரிக்க எழுத்துகளில் பல, லீ ஹாரிசன் உருவாக்கிய ஸ்கேனிமேட் என்ற அனலாக் கணினியில் பிறந்தவை. அதில் நிரல் எழுதுவது கிடையாது. கறுப்பு ஃபிலிமில் எழுத்து மட்டும் ஒளி கசியும்படி செய்து விளக்குப் பெட்டியில் வைப்பார்கள். ஒரு கேமரா அதைப் படித்து ஒரு திரையில் காட்டும்; திரையின் மின்கதிரைப் பலவகை அலைகளால் வளைத்து நெளித்து, அந்தத் திரையை இன்னொரு கேமரா படமெடுக்கும்; பிறகு வண்ணம் ஏற்றுவார்கள். அசைவு உடனுக்குடன் கண்முன் நடக்கும். சட்டம் சட்டமாக வரைய வேண்டியதில்லை. ஆனால் குமிழ்களின் நிலையையும் சொருகிய கம்பிகளின் வரிசையையும் சேமித்துவைக்க வழி இல்லை. பிடுங்கிவிட்டால் அதே அசைவை மீண்டும் வரவழைப்பது பெரும்பாடு. மொத்தமே எட்டு இயந்திரங்கள்தான் செய்யப்பட்டன.

1982-இல் பிரிட்டனின் சேனல் ஃபோருக்கு மார்ட்டின் லாம்பி நேர்ன் வடிவமைத்த, வண்ணக் கட்டைகள் பறந்து வந்து '4' ஆகும் முத்திரையைக் கணினியில் செய்ய, அவர் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருந்தது. இன்று என் மடிக்கணினியில் ஒரு பிற்பகலில் அதைச் செய்துவிடலாம். ஆனால் அந்தக் கட்டைகள் எந்த வரிசையில் சேர வேண்டும் என்று சிந்தித்த மனம் மடிக்கணினியில் இல்லை.

பதிவு 15 | மேலூர் வாசகர்

பித்தளைப் பொறியும் குமிழும் என்று படிக்கும்போது என் கருத்து மாறுகிறது. அவர்களும் கையால்தான் செய்திருக்கிறார்கள். என் வீட்டிலும் இரண்டு கேசட்டுகள் உள்ளன. மெக்கானிக் ஐயா, எந்த அளவில் எடுத்துச் சேமிப்பது?

பதிவு 16 | உசிலை மெக்கானிக்

கிடைத்தால் எஸ்-விஎச்எஸ் என்ற உயர்தர டெக்கில், எஸ்-வீடியோ கம்பி வழியாக எடுங்கள். படம் நடுங்காமலிருக்க டைம் பேஸ் கரெக்டர் உள்ள டெக் நல்லது. 720-க்கு 576 புள்ளிகள் என்ற அளவில், இடைக்கோட்டு முறையை (interlaced) மாற்றாமல், தரம் குறையாத இழப்பில்லாக் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 40 ஜிபி வரை ஆகும்; இடம் பெரிதென்று சுருக்காதீர்கள். பார்ப்பதற்குச் சிறிய பிரதியைத் தனியாகச் செய்துகொள்ளலாம். கேசட்டை முழுதாகச் சுற்றி, புத்தகத்தைப் போல் நிறுத்தி வையுங்கள்.

பதிவு 17 | செல்லூர்க்காரன்

மூன்றாவது கேசட் துபாயில் பதிந்தது அல்ல. சித்தப்பா ஊரோடு வந்துவிட்ட பிறகு, கொடைக்கானல் ஒளிபரப்பிலிருந்து இங்கேயே பதிந்தது. கடைசியில் ஏதோ ஒரு தமிழ் நாடகத்தின் வால் பகுதி ஒரு நிமிடம் அளவுக்கு இருக்கிறது. பெயர்கள் ஓடி முடிந்ததும் கறுப்புப் பின்னணியில் நிறுவனத்தின் பெயர் வருகிறது. நாடா சுருங்கியிருப்பதால் எழுத்தின் கீழ்ப்பாதி கலைந்து நடுங்குகிறது. கணினியில் கூர்மையாக்கிப் பார்த்தும் படிக்க முடியவில்லை. நிலைப்படத்தை இணைத்திருக்கிறேன். அக்கா, பார்த்துச் சொல்ல முடியுமா?

பதிவு 18 | படத்தொகுப்பு அறை

பார்த்தேன் தம்பி. நிறுவனத்தின் பெயரை என்னாலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. அது கணினி எழுத்து அல்ல. கறுப்புச் சார்ட்டில் வெள்ளைப் பெயின்டால் தூரிகை பிடித்து எழுதி, கேமரா முன் வைத்து எடுத்த அட்டை. 'ம்' எழுத்தின் புள்ளி ஓரிடத்தில் உருண்டையாகவும் இன்னோரிடத்தில் சற்றே நீண்டும் இருப்பதைப் பாருங்கள். திரையில் எழுத்துப் போடும் கருவியான கேரக்டர் ஜெனரேட்டரில் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோலவே விழும். இடதுபக்கம் எழுத்துக்கு மேலே மெல்லிய பென்சில் கோடு ஒன்று தெரிகிறது. நேராக எழுதப் போட்டுக்கொண்ட கோடு அது, அழிக்க மறந்திருக்கிறார். கூர்மையாக்கிய பிரதியில் அந்தக் கோடு காணாமல் போய்விட்டது. ஆகவே கூர்மையாக்காத மூலப் படத்தையே ஏற்றுங்கள். எனக்கு எழுத்து பழக்கிய, அக்காலத்தில் அட்டை எழுதிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்க் காட்டுகிறேன். கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர் யார் என்று அவர் சொல்லக்கூடும்.